பாலாற்றங்கரையில் கணக்குப் பார்ப்பவர்கள்

காட்பாடி

விழுப்புரத்தில் வண்டி மாறி வடக்கே திரும்பியதும் பச்சை குறைந்துகொண்டே வந்தது. திருவண்ணாமலையும் போளூரும் தாண்டிய பிறகு ஜன்னலுக்கு வெளியே உருண்டைப் பாறைக் குன்றுகள்தான். காவிரிக் கரையில் பிறந்தவனை இந்த நிலம் முதல் பார்வையில் கொஞ்சம் மிரட்டும். எங்கள் கும்பகோணம் பக்கத்தில் ஓர் ஊருக்கு வழி கேட்டால் இரண்டாவது வாய்க்கால், மூன்றாவது மதகு என்று சொல்வோம். எதிர் இருக்கைப் பெரியவர் தம் ஊரை "அதோ அந்த மொட்டை மலைக்குப் பின்னால" என்று காட்டினார். பாலாற்றுப் பாலத்தில் வண்டி மெதுவாகப் போனது. கீழே மணலும் சீமைக் கருவேலமும். நடுவில் ஒரு குட்டைத் தண்ணீரில் இரண்டு எருமைகள்.

காட்பாடி நிலையத்தில் காதில் முதலில் விழுந்தது வங்காள மொழி. கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் கோப்புகளை நெஞ்சோடு அணைத்தபடி வந்து இறங்கும் குடும்பங்கள். ஆட்டோக்காரர்கள் அவர்கள் மொழியிலேயே வாடகை பேசுகிறார்கள். 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சிறு மருந்தகம் இன்று சிஎம்சி மருத்துவமனையாக இத்தனை தூரத்திலிருந்து ஆட்களை வரவழைக்கிறது.

இதே நிலையத்தின் வழியாகத்தான் 1986இல் சென்னையிலிருந்து ரத்த மாதிரிகள் வேலூருக்கு வந்தன. சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்துத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தார். எச்ஐவி இருக்கிறதா என்று சோதிக்கும் வசதி அப்போது சென்னையில் இல்லை. கணவரோடு ரயிலேறி, டாக்டர் ஜேக்கப் ஜானின் வைரஸ் ஆய்வகத்துக்கு அவற்றைக் கொண்டுவந்தார். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்ஐவி இருப்பதற்கான முதல் சான்று அதுதான்.

அன்று விடையைக் கண்ணால் பார்க்க முடிந்தது. இன்று ஒரு மனிதரின் முழு மரபணுத் தொகுதியை வழக்கமான ஆழத்தில் படித்தால், 300 கோடி எழுத்துகளை முப்பது தடவை திரும்பத் திரும்பப் படித்த கோப்பு கையில் வருகிறது. ஏறத்தாழ 100 ஜிகாபைட். ரத்தம் எடுத்த மருத்துவருக்கு அதைத் திறக்கக்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் படித்த படிப்பு வேறு. அந்தக் கோப்புக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் யார், எப்படி வேலை பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பக்கம் வந்தேன். உயிரித் தகவலியல் நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை. எண்பதுகளின் நடுவிலேயே மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை நாடு முழுக்க ஒரு தகவல் மையப் பின்னலை ஏற்படுத்தியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அதன் ஆரம்பகால மையங்களில் ஒன்று. காட்பாடியில் விஐடி பல்கலைக்கழகத்தை ஒட்டிய டீக்கடையில் நான் நின்றபோது, பக்கத்தில் இரண்டு மாணவிகள் ஒரு பாக்டீரியாவின் மரபணு வரிசை சர்வரில் இன்னும் ஏறி முடியவில்லை என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

பாகாயம்

வேலூர் வெயிலைப் பற்றி எல்லோரும் எச்சரித்திருந்தார்கள். மருத்துவமனைத் தெருவின் நெரிசலைத் தாண்டித் தெற்கே பாகாயம் வந்தால் அந்த வெயில் மரங்களுக்கிடையில் சற்றே அடங்குகிறது. சிஎம்சியின் கல்லூரி வளாகம் இங்கேதான். உயிரிப் புள்ளியியலுக்கு என்றே இங்கே ஒரு துறை இருக்கிறது. அதில் முதுகலைப் படிப்பும் நடத்துகிறார்கள். மருத்துவர்கள் ஆய்வுக் கேள்வியோடு வந்து உட்கார்ந்து பேசக்கூடிய ஒரு துறை, ஒரு மருத்துவக் கல்லூரிக்குள்ளேயே இருப்பது தமிழ்நாட்டில் எவ்வளவு அரிது என்பது தஞ்சாவூர்ப் பக்கத்து முதுநிலை மாணவர்களைப் பார்த்தவனுக்குத் தெரியும். அவர்களில் பலர் ஆய்வேட்டை ஒப்படைக்கக் கடைசி மாதம் இருக்கும்போது, எக்செல் தாள்களைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு யாராவது கணக்குப் போட்டுத் தருவார்களா என்று அலைகிறார்கள். கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் 'தீசிஸ் ஒர்க்' என்று பலகை தொங்கும். தட்டச்சு, பைண்டிங், புள்ளியியல் எல்லாம் ஒரே ரசீதில்.

பல ஆண்டுகளாக உயிரிப் புள்ளியியல் வேலையில் இருக்கும் ஓர் அம்மையாரைப் பாகாயத்தில் ஒரு மர நிழலில் சந்தித்தேன். எந்த மென்பொருள், எந்த மொழி என்றெல்லாம் பேச அவருக்கு ஆர்வமில்லை.

"வர்றவங்க டேட்டாவைத்தான் முதல்ல நீட்டுவாங்க. நான் அதைத் தள்ளி வெச்சிட்டு, உங்க கேள்வி என்ன டாக்டர்னு கேப்பேன். பாதிப் பேருக்கு அங்கேயே அரை மணி நேரம் ஆயிடும்."

புள்ளியியல் மேதை ஃபிஷர் 1938இல் கல்கத்தாவில் நடந்த இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் பேசியபோது, சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரிடம் வருவது பிரேதப் பரிசோதனை கேட்பதற்குச் சமம், எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லலாம் என்ற பொருளில் சொன்னார். அம்மையார் அதை நினைவுபடுத்தி ஓர் உதாரணம் கொடுத்தார். நோயாளிகள் நாற்பது பேர், நோயில்லாதவர்கள் நாற்பது பேர். நோயாளிகளின் மாதிரிகளை ஜனவரியில் ஒரு ரசாயனப் பெட்டியைக் கொண்டு தயாரித்தார்கள். மற்றவர்களுடையதை ஏப்ரலில் இன்னொரு பெட்டியைக் கொண்டு. முடிவில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் வேறுபட்டுத் தெரிகின்றன. நோயின் வேறுபாடா, மாதத்தின் வேறுபாடா? இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதால் இனி எந்தக் கணினியாலும் பிரிக்க முடியாது. தொடங்கும் முன்பே ஒருவர் பக்கத்தில் இருந்து, இரண்டு கூட்டத்து மாதிரிகளையும் ஒவ்வொரு நாளும் கலந்து ஓட்டுங்கள் என்று சொல்லியிருந்தால் போதும். செலவே இல்லாத ஒரு வாக்கியம்.

இன்னொன்றும் சொன்னார். மனிதரிடம் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000. ஒவ்வொன்றையும் நூற்றுக்கு ஐந்து தவறு என்ற வழக்கமான அளவுகோலில் சோதித்தால், நோய்க்கும் மரபணுவுக்கும் துளித் தொடர்பு இல்லாவிட்டாலும் ஆயிரம் மரபணுக்கள் 'கண்டுபிடிப்பு' என்று கையை உயர்த்தும். அவற்றை வடிகட்டத் தெரியாமல் கட்டுரை எழுதினால் அடுத்த ஆய்வகம் அந்தப் பொய்யைத் துரத்தி ஆண்டுகளைச் செலவழிக்கும். எக்செல் தாள் மார்ச்1, செப்ட்2 என்ற மரபணுப் பெயர்களைத் தேதியென்று எண்ணி மாற்றிவிடும் கதை உலகப் பிரசித்தம். மரபணுப் பட்டியலை எக்செலில் இணைத்து வெளியான கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்ததாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் மென்பொருளைத் திருத்துவதைவிட மரபணுக்களின் பெயரை மாற்றுவதே எளிது என்று பெயர் சூட்டும் குழு 2020இல் முடிவெடுத்தது.

இந்த வேலையில் கவனம் தவறினால் யாருக்கு வலிக்கும் என்பதற்கு வேலூரிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஹீமோஃபிலியா ஏ நோய் கடுமையாக உள்ள ஐந்து பேருக்கு அவர்களுடைய குருத்தணுக்களையே எடுத்து, லென்டிவைரஸ் மூலம் மரபணுவை ஏற்றித் திருப்பிச் செலுத்திய சிகிச்சையின் முடிவுகளை டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவாவின் குழு 2024 டிசம்பரில் வெளியிட்டது. சிறு அடிக்கும் ரத்தம் நிற்காமல் வாழ்ந்தவர்களுக்குச் சிகிச்சைக்குப் பின் ரத்தக்கசிவு நின்றிருந்தது. இத்தகைய சிகிச்சையில் புதிய மரபணு செல்லுக்குள் எந்த இடத்தில் போய் உட்கார்ந்தது என்று பார்க்க வேண்டும். உட்காரும் இடம் தவறினால் புற்றுநோய்க்கு வழியாகலாம். அப்படிப் பார்ப்பது முழுக்கத் தரவு வேலை.

சின்ன அல்லாபுரம்

மறுநாள் காலை ஊருக்குள் போனேன். சின்ன அல்லாபுரம், ராமநாயக்கன்பாளையம், கஸ்பா. ஒன்றையொன்று ஒட்டிய பகுதிகள், குறுகிய தெருக்கள். வாசல்படியில் பெண்கள் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். ஊறவைத்த இலை, கத்தரி, தூள், நூல். பேச்சு நிற்கவில்லை, விரலும் நிற்கவில்லை.

இந்தத் தெருக்களில் 2002 முதல் 2006 வரை, பிறந்த நாளிலிருந்து குழந்தைகளைப் பின்தொடர்ந்தது சிஎம்சியின் ஒரு குழு. டாக்டர் ககன்தீப் காங் அதன் மையத்தில் இருந்தவர். 452 குழந்தைகளைச் சேர்த்தார்கள். 373 பேரை மூன்று வயது முடியும்வரை பின்தொடர முடிந்தது. வாரம் இருமுறை வீட்டுக்குப் போய் விசாரிப்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மல மாதிரி, வயிற்றுப்போக்கு வந்தால் அதற்குத் தனி மாதிரி. ரோட்டா வைரஸ் ஒருமுறை தொற்றினால் அடுத்தமுறை காக்குமா என்பதுதான் கேள்வி. மெக்சிகோவில் 200 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 1996இல் வெளியான ஆய்வில், இருமுறை தொற்றியவர்களுக்கு மிதமான, கடுமையான வயிற்றுப்போக்கு மறுபடி வரவேயில்லை. வேலூரில் மூன்றுமுறை தொற்றிய பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான் என்று 2011இல் தெரியவந்தது. பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள்ளேயே தொற்று வந்துவிட்டது. மெக்சிகோவின் எண்ணை அப்படியே நம் குழந்தைகளுக்கு எடுத்துப் போடக் கூடாது என்பதை இந்தத் தெரு உலகத்துக்குச் சொன்னது.

இதுபோன்ற ஆய்வுகளில் வீடுவீடாகப் போன களப்பணியாளர் ஒருவர் இங்கேதான் குடியிருக்கிறார். அக்கா என்றே எல்லோரும் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். மோர் கொடுத்தார்.

"புள்ளைக்கு வெளிய போச்சான்னு மட்டும் கேட்டா தாய்ங்க இல்லன்னு சொல்லிடுவாங்க சார். எத்தினி வாட்டி, தண்ணியா போச்சா, நேத்து நைட்டு தூங்கிச்சான்னு ஒக்காந்து கேக்கணும். ஆடி மாசம் போனா பாதி வீட்ல புள்ள இருக்காது. அம்மா வூட்டுக்குப் போயிருப்பாங்க."

கடைசி வாக்கியத்தை நான் இரண்டுமுறை கேட்டு எழுதிக்கொண்டேன். கணினித் திரையில் அது ஒரு காலிக் கட்டமாகத்தான் வரும். வெளியூர்க்காரர் ஒருவர் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்துத் தற்செயலான விடுபடல் என்று எண்ணி, சராசரியால் நிரப்பிவிடுவார். அது தற்செயல் இல்லை. குழந்தை பாட்டி வீட்டில் வேறு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அல்லது உடம்பு சரியில்லாததால்தான் தாய் அங்கே தூக்கிப் போனாள். ஆடியைத் தெரிந்த ஒருவர் ஆய்வாளரின் பக்கத்தில் இருக்க வேண்டும். பகுப்பாய்வுச் சேவை மையம் பெங்களூரிலோ பாஸ்டனிலோ இருந்தால் கோப்பு போய்ச் சேரும். ஆடி போய்ச் சேராது.

பிறகு இந்தியாவின் சொந்த ரோட்டா தடுப்பு மருந்தான ரோட்டாவாக்கைச் சோதித்தபோது டில்லி, புனேயுடன் வேலூரும் ஒரு களமாக இருந்தது. மூன்று இடங்களிலும் சேர்ந்து 6,799 குழந்தைகள். 2016இலிருந்து அந்தச் சொட்டு மருந்து அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் வந்துவிட்டது. அக்காவின் பேரன் அதைக் குடித்தவன். திண்ணையில் என் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான்.

ஆம்பூர்

பள்ளிகொண்டா தாண்டி நெடுஞ்சாலை மேற்கே ஓடுகிறது. இருபுறமும் மலை நெருங்கி வருகிறது. ஆம்பூர் வருவதை மூக்குதான் முதலில் சொல்லும். தோல் வாசம் ஒரு பக்கம், விறகடுப்பில் பிரியாணி தம் வாசம் ஒரு பக்கம்.

சீரக சம்பா அரிசி, காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது, ஆட்டுக்கறி. கூடவே புளிப்பான கத்தரிக்காயும் தயிர் வெங்காயமும். பொன்னி அரிசிக்காரனான எனக்கு இந்தச் சின்னஞ்சிறு அரிசியின் மணம் புதிது. எண்ணெய் மிதக்கவில்லை; காரம் நாக்கில் தங்காமல் தொண்டைக்குப் பிறகுதான் தெரிகிறது.

சாப்பாட்டுக்குப் பின் ஒரு தோல் தொழிற்சாலைக்குள் அழைத்துப் போனார் அங்கே மேற்பார்வை பார்க்கும் பாய். உப்பிட்டு வந்த தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, முடியும் சதையும் நீக்கி, ஆளுயரத்துக்கு மேல் சுழலும் மர டிரம்முக்குள் குரோமியம் உப்போடு உருட்டுகிறார்கள். வெளியே வரும்போது தோல் வெளிர்நீலமாக இருக்கிறது; வெட் ப்ளூ என்கிறார்கள். ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் காட்டினார் பாய். சுருங்கவில்லை. பதனிடாத தோல் 60 டிகிரியைத் தாண்டியதுமே சுருண்டுவிடும். தோலில் இருக்கும் கொலாஜன் என்ற புரத இழைகளைக் குரோமியம் ஒன்றோடொன்று பிணைத்துவிட்டதால் இது தாங்குகிறது. அவருடைய தாத்தா காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான்.

கொலாஜன் என்றதும் எனக்குச் சென்னை ஞாபகம் வந்தது. அது மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்று 1954இல் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஆராய அவர்களுக்குக் கங்காருவின் வால் தசைநார் கிடைத்தது 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து! அந்த வேலையைத் தொட்டு வளர்ந்த கேள்விகளிலிருந்து, 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரோடு அவர் வெளியிட்டதுதான் ராமச்சந்திரன் வரைபடம். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும், எதில் முடியாது என்று காட்டும் படம். இன்றும் உலகில் எங்கே ஒரு புரத வடிவத்தைக் கணித்தாலும் அந்தப் படத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். உயிரியல் தரவை நம்பும் முன் சோதித்துப் பார் என்ற பழக்கத்துக்குத் தமிழ்நாடு தந்த கருவி அது. தோல்காரர்களும் அதற்கு ஒரு கை கொடுத்திருக்கிறார்கள். இதைச் சொன்னபோது பாய் முகத்தில் வந்த பெருமையை நான் ரசித்தேன்.

காயவைத்த தோல்கள் அடுக்கியிருந்த கூடத்தில் ஒருவர் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் புரட்டித் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். எல்லாத் தோலின் ஓரத்திலும் எண்.

"டிரம் நம்பர் சார். ஒரே ஆர்டர்தான், ஒரே கலர்தான். ஆனா ரெண்டு டிரம்ல போட்டா ரெண்டு ஷேடு வரும். தண்ணி மாறினாலே மாறும். நம்பர் இல்லாம ஒரு தோலும் உள்ள போவாது. ஷூவுக்கு வலது காலும் இடது காலும் ஒரே தோல்ல வெட்டினாத்தான் ஜோடி சேரும்."

பாகாயத்து அம்மையார் ஜனவரி, ஏப்ரல் என்று சொன்னதை இவர் டிரம் என்று சொல்கிறார். நோயாளியின் மாதிரியையும் ஒப்பிடும் மாதிரியையும் ஒரே நாள் ஓட்டத்தில் வைப்பதும், இரண்டு காலையும் ஒரே தோலில் வெட்டுவதும் ஒரே புத்திதான். மரபணு வகுப்பு எடுப்பவர்கள் மாணவர்களை ஒருநாள் இந்தக் கூடத்துக்கு அழைத்து வரலாம்.

தொழிற்சாலைக்குப் பின்னால் பாலாறு கிடக்கிறது. இந்தத் தோல் தொழிலின் கழிவு நீர் பற்றித்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. மண்ணிலும் கிணற்றிலும் ஏற்கெனவே இறங்கியது என்ன செய்கிறது, யார் உடம்பில் செய்கிறது என்பது தலைமுறைகளைப் பின்தொடர்ந்து பார்க்க வேண்டிய கேள்வி. ரோட்டாவுக்குத் தெருத்தெருவாக நடந்ததைப் போல இதற்கும் நடக்க வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கு மக்களுக்கு அந்தக் கடன் பாக்கி இருக்கிறது.

வாணியம்பாடி

பாயின் அண்ணன் மகள் உயிரித் தகவலியலில் முதுகலை முடித்தவர். வீட்டிலிருந்தபடியே பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குத் தரவுப் பகுப்பாய்வு செய்து கொடுக்கிறார். "நீங்க தேடி வந்தது அவளைத்தான் சார்" என்று பாய் தம் வண்டியிலேயே கூட்டிப்போனார். வீட்டில் டீயும் ஆற்காட்டு மக்கன் பேடாவும் வந்தன. மாடியறையில் ஒரு மடிக்கணினி. கனமான வேலையெல்லாம் தொலைவில் இருக்கும் சர்வரில் இரவு முழுக்க ஓடும். காலையில் எழுந்து எங்கே நின்றது என்று பார்ப்பாராம்.

என்ன வேலை என்று கேட்டேன். மரபணு எந்திரம் தந்த கோப்பின் தரத்தைப் பார்ப்பது, குப்பையை வெட்டுவது, ஒப்பீட்டு வரிசையோடு பொருத்துவது, வேறுபாடுகளைப் பட்டியலிடுவது. அதற்கப்புறம், எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று ஆய்வாளருக்குப் புரிகிற மொழியில் எழுதிக் கொடுப்பது. "கடைசி வேலைக்குத்தான் அங்கிள் அதிக நேரம் ஆகும். அதுக்கு யாரும் காசு கணக்குப் பண்ண மாட்டாங்க."

அவர் செய்து கொடுத்த வேலைகள் சில கட்டுரையாக வந்தபோது நன்றிப் பத்தியில்கூடப் பெயர் இல்லை. ஒருமுறை, எதிர்பார்த்த முடிவு வரவில்லை, வேறு முறையில் போட்டுப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வராததை வரவழைக்க முடியாது என்று சொன்னதும் பேச்சு நின்றது; பணமும் நின்றது. நிறுவனத்தில் மாதச் சம்பளத்தோடு, தனித் துறையின் பலத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் 'முடியாது' என்று சொல்வதும், வாணியம்பாடி மாடியறையிலிருந்து ஒரு பெண் சொல்வதும் ஒன்றில்லை. ஆய்வுக்கு நிதி கேட்டு எழுதும்போதே எந்திரத்துக்கும் ரசாயனத்துக்கும் ஒதுக்குவது போல, பகுப்பாய்வு செய்பவரின் மணிநேரத்துக்கும் ஒதுக்க வேண்டும். கட்டுரையில் அவர் பெயர் வர வேண்டும். மறுப்புச் சொல்லும் தைரியம் அங்கிருந்துதான் பிறக்கும்.

இந்த மாதம் முதல்முறையாக ஒரு மருத்துவர் மாதிரி எடுக்கத் தொடங்கும் முன்பே இவரைத் தேடியிருக்கிறார். நீரிழிவு நோயாளிகளின் குடல் பாக்டீரியா பற்றிய ஆய்வு. சேகரிப்புப் படிவத்தின் வரைவு திரையில் இருந்தது: வயது, எடை, சர்க்கரை அளவு, மருந்து. அந்தப் பெண் ஓரத்தில் சிவப்பில் தம் கேள்விகளை எழுதியிருந்தார். கடைசியாக ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டது எப்போது? மாதிரி எடுத்தபின் எத்தனை மணி நேரம் வெளியே இருந்தது? ரமலான் நோன்பு மாதத்தில் எடுக்கப்போகிறீர்களா, ஆமென்றால் இரு கூட்டத்தாரிடமும் எடுப்பீர்களா?

மூன்றாவது கேள்வியை இன்னும் கொஞ்சம் விளக்கி எழுதலாமா என்று என்னிடம் கேட்டார். நோன்பில் சாப்பிடும் நேரம் மாறுவதை ஒரு வரியில் சேர்க்கலாம் என்றேன். சேர்த்து, மருத்துவருக்கு அப்போதே அனுப்பினார்.